சமயக்கணக்கரும் கைநாட்டும்

(ஓரிக்கையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுக்க மாற்றவில்லை.)



நான் இறையியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் எழுத்தராக உட்கார்ந்திருப்பவன். ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். அப்புறம் ஏன் இந்தத் தலைப்பில் பேச வந்தேன்னா, அதுக்குக் காரணம் ஒரு நோட்டீஸ்.

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு கருத்தரங்கம். நோட்டீஸில் ரெண்டு பேர் பெயர் இருந்தது. ஒருத்தர் பெயருக்குக் கீழே ‘இறையியலாளர்’ என்று போட்டிருந்தார்கள். இன்னொன்று ஒரு அக்காவின் பெயர். அதுக்குக் கீழே ‘களப்பணியாளர்’. அவர் நாற்பது நிமிஷம் கட்டுரை வாசித்தார். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல மாட்டேன். அப்புறம் அக்கா எழுந்தாங்க. கையில் காகிதம் இல்லை. “எங்க தெரு வரைக்கும் வராத தேர்ல உக்காந்திருக்கிறது சாமியா, ஊர்க்காரனா? சாமின்னா அதுக்கு எங்க தெருவுக்கு வழி தெரியாதா?” என்று கேட்டாங்க. கூட்டம் கைதட்டியது. கைதட்டியதோடு சரி.

வெளியே வந்ததும் ஒரு மாணவர் என்னைக் கேட்டார்: “அண்ணா, ரெண்டு பேரும் சாமியைப் பத்திதானே பேசினாங்க? அவர் மட்டும் எப்படி இறையியலாளர்? அக்கா ஏன் களப்பணியாளர்?” எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இங்கே நிற்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இறையியல் என்பது பழைய சொல் இல்லை. கிறித்தவ இறையியல் கல்லூரிகள் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் ‘இறை’ பழைய சொல். அதுக்குக் கடவுள் என்று ஒரு பொருள். அரசன் என்று ஒரு பொருள். வரி என்று ஒரு பொருள். கோயில் கல்வெட்டுகளில் ‘இறையிலி’ என்று வந்தால் கடவுள் இல்லாதது என்று அர்த்தமில்லை, வரி கட்டாத நிலம் என்று அர்த்தம். ஆக, தமிழில் இறையைப் பற்றிப் பேசுகிறவன் கடவுளை மட்டும் பேசிவிட்டுத் தப்பிக்க முடியாது. யார் ஆண்டது, யார் வரி கட்டினது, யார் கட்டாமல் நிலத்தை வைத்துக்கொண்டது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

இங்கிருந்து உத்திரமேரூர் ரொம்பத் தூரமில்லை. கி.பி. 920ஐ ஒட்டி, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டை எல்லாரும் ஜனநாயகத்துக்கு அடையாளமாகச் சொல்வார்கள். அதில் சபைக்குத் தகுதி என்னன்னு இருக்கிறது? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். அதுக்கு அந்தக் கல்வெட்டில் இருக்கிற சொல்லே ‘இறைநிலம்’தான். சொந்த மனையில் வீடு இருக்கணும். வயசு முப்பத்தஞ்சுக்கு மேல், எழுபதுக்குள். வேதம் தெரிஞ்சிருக்கணும். ஒரு வேதத்தையும் ஒரு பாஷ்யத்தையும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி இருந்தால் போதும். கால் வேலியில் அரைக்கால் தள்ளுபடி. நான் வங்கிக்காரன், இப்படித்தான் எனக்குப் படிக்க வருகிறது. கடவுளைப் பற்றிய படிப்புக்கு அன்றைக்கே நில மதிப்பு போட்டிருக்கிறார்கள். அதே ஊரில் உழுதவனுக்கு அந்தப் படிப்பும் கிடையாது, அந்த அரைக்கால் வேலியும் கிடையாது.

இனி ஓரிக்கைக்கு வருவோம். இந்த ஊர்ப் பேருக்கு ஒரு கதை சொல்வார்கள், உங்களில் பலருக்குத் தெரியும். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ ராஜாவுக்குப் பாட மாட்டேன்னு சொன்னதால் அவரை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். சீடன் போகிறான் என்றதும் ஆழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளிடம் நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாளும் எழுந்து பின்னாலேயே வந்தார். மூன்று பேரும் அன்றைக்கு ராத்திரி தங்கிய இடம் ஓரிரவு இருக்கை. அதுவே ஓரிக்கை ஆனது என்கிறார்கள். ஊர் இருண்டு போச்சு, ராஜா வந்து கெஞ்சினான், எல்லாரும் திரும்பிப் போனார்கள். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று அந்தச் சாமிக்கு இன்றைக்கும் பேர்.

நடந்ததா இல்லையா என்பது என் கேள்வி இல்லை. துரத்தப்பட்டவனோடு சாமியும் வெளியே போகணும் என்று யாரோ ஒருத்தர் இந்த மண்ணில் யோசித்திருக்கிறார். லத்தீன் அமெரிக்காவில் 1971இல் குஸ்தாவோ குத்தியரஸ் விடுதலை இறையியல் என்று புத்தகம் எழுதினார். அதுக்குப் பல நூற்றாண்டுக்கு முன்னாலேயே அந்த யோசனையின் ஒரு துளி ஓரிக்கையில் கதையாக இருந்திருக்கிறது. ஆனா தோழர்களே, ஒரு ராத்திரிதான். மறுநாளே சாமி கோயிலுக்குள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. வெளியே நிறுத்தப்பட்டவர்களான நமக்கு அந்த ராத்திரி இன்னும் விடியவில்லை.

அதே ஆழ்வாரைப் பற்றி இன்னொரு கதை. பெரும்புலியூரில் பார்ப்பனர்கள் வேதம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். பிரம்பு அறுக்கிறவர் வளர்த்த பிள்ளையான இவர் அந்தப் பக்கம் வந்ததும் ஓதுவதை நிறுத்திவிடுகிறார்கள், இவன் காதில் விழக்கூடாது என்று. இவர் புரிந்துகொண்டு நகர்கிறார். மறுபடி ஓதலாம்னு பார்த்தால் விட்ட இடம் மறந்துபோச்சு. இவர் வாயைத் திறக்காமல் ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டுகிறார். அவர்கள் நிறுத்திய வரியில் கருநெல்லும் நகமும் வருகிறது. அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

இந்தக் கதையில் யார் இறையியலாளர்? வரி தெரிந்தவர் வெளியே நிற்கிறார். வரியை மறந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்தவர் சொல்லக்கூட இல்லை, நெல்லைக் காட்டினார். வாயால் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயமே இதுதான். இறையியலாளர் என்ற பட்டம் ஒருத்தருடைய அறிவுக்குப் பேர் இல்லை. பேச அனுமதி இருக்கிறது என்பதற்குப் பேர்.

பிறகு என்ன செய்தார்கள்? வளர்த்தவர் பிரம்பு அறுப்பவர்தான், ஆனா பெற்றவர் பார்க்கவ ரிஷி என்று குருபரம்பரைக் கதையில் எழுதி வைத்தார்கள். அறிவை மறைக்க முடியாதபோது பிறப்பை மாற்றிவிடுகிற வேலை இது.

வைணவத்தில் ஆழ்வார் என்றும் ஆசாரியர் என்றும் ரெண்டு வரிசை உண்டு. பாடியவர்களில் பல சாதி உண்டு. திருப்பாணாழ்வார் பாணர். நம்மாழ்வார் வேளாளர். அதையெல்லாம் எடுத்து உரை எழுதி, சித்தாந்தம் செய்து, இதுதான் பொருள் என்று தீர்ப்புச் சொன்ன ஆசாரியர் வரிசை பெரும்பாலும் அக்கிரகாரத்திலிருந்து வந்தது. பாட்டு எங்கிருந்து வேணும்னாலும் வரலாம், பொருள் மட்டும் ஒரு தெருவிலிருந்துதான் வரணும் என்கிற ஏற்பாடு.

நம்ம காஞ்சிபுரத்துக் கதையே இருக்கிறது. திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லிக்காரர். வைசியர் என்று சொல்வார்கள். வரதராஜருக்கு விசிறி வீசுகிற கைங்கரியம். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது மரபு. ராமானுஜர் தன் சந்தேகங்களை இவர் மூலமாகத்தான் பெருமாளிடம் கேட்கிறார், இவர் வழியாகத்தான் ஆறு வார்த்தை பதிலாக வருகிறது. அதே நம்பி ராமானுஜர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனதும், ராமானுஜரின் மனைவி அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகினார் என்றும் அதே மரபு சொல்கிறது. நியாயமாகச் சொல்லணும், ராமானுஜர் அதுக்காக வருந்தினார். நம்பியையே குருவாகக் கேட்டார். பின்னாடி பிள்ளை லோகாசாரியர் பக்தனின் சாதியை ஆராய்வது பெரும்பாவம் என்று எழுதினார். ஆனாலும் முடிவு என்ன? கடவுளோடு பேசினவர் செய்தி கொண்டு போனவராக நின்றார். செய்தியை வாங்கினவர் ஆசாரியர் ஆனார்.

இன்றைக்கு ஓரிக்கை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மணிமண்டபம்தான் ஞாபகம் வரும். சங்கராசாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதிக்கு எழுப்பியது. அவர் பேச்சுகளைத் தொகுத்த புத்தகத்துக்கு ‘தெய்வத்தின் குரல்’ என்று பேர் வைத்தார்கள். வருண தருமத்துக்கு அதில் நியாயம் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் பேசினால் தெய்வத்தின் குரல். நம்ம ஆயா கன்னியம்மாவைப் பற்றிப் பேசினால் நாட்டுப்புற நம்பிக்கை, ஆராய்ச்சி மாணவருக்குத் தரவு. ரெண்டு பேச்சையும் அளக்கிற படி ஒன்றா, தோழர்களே?

படிப்பு இல்லாததுதான் காரணம், படித்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 1970இல் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கிச் சட்டம் வந்தது. 2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை போட்டு, பயிற்சிப் பள்ளிகளும் திறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஆகமம் படித்து முடித்தார்கள். படித்த பிறகும் பெரும்பாலானோர் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். நடுவில் வழக்குதான். மந்திரம் தெரியாமலா காத்திருந்தார்கள்? தெரிந்தும் அனுமதி இல்லை. பெரும்புலியூர்த் திண்ணை அப்படியேதான் இருந்தது.

சரி, கிறித்தவத்தில் என்ன நிலைமை? அங்கே இந்தச் சொல் ஒரு பதவி மாதிரி. செராம்பூர் பட்டம், இறையியல் கல்லூரி, மேல்படிப்பு, புத்தகம். ஆனா சேரிக்குச் சேரி நடந்துபோய்ச் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். அவரில் எத்தனையோ பேர் நம்ம ஆட்கள். பைபிள் பெண்கள் என்று மிஷன் பதிவேடுகளில் இருப்பவர்களும் அப்படித்தான். வெயிலில் நடந்து, அடுப்பங்கரை வரைக்கும் போய்ப் பேசியவர்கள். அவர்களை யாரும் இறையியலாளர் என்று எழுதவில்லை.

அந்தத் திண்ணையில் ஏறி உட்கார்ந்த ஒருத்தர் அரவிந்த் நிர்மல். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். இந்திய இறையியல் என்று இதுவரை சொன்னதெல்லாம் மேல்சாதி வேதாந்தத்தோடு பேசிய பேச்சு, எங்கள் அனுபவம் அதில் எங்கே என்று கேட்டார். 1987இல் சென்னை குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்றே துறை தொடங்கியது, அவர் பொறுப்பில். வலிதான் முதலில் வருகிற அறிவு, சிந்தனை அதுக்குப் பின்னால் வருகிறது என்பது அவர் வாதம். ஆகவே தலித் இறையியலைத் தலித்துகளே செய்யணும் என்றார். அதோடு சண்டை போட்டவர்கள் உண்டு. 1995இல் இறந்துபோனார். அவர் வைத்த கேள்வி இருக்கிறது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஜே. தியாபிலஸ் அப்பாவு இருந்தார். பறட்டை என்று சொன்னால்தான் பல பேருக்குத் தெரியும். பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திருவிருந்தைப் பற்றிப் பேசும்போது ஒரே உலை என்பார். ஒரே பானையில் பொங்கிப் பிரித்துத் தின்பதுதான் அதன் பொருள். 2005இல் காலமானார். அவருக்கு டாக்டரேட் படிப்புக்காரர்களைவிட, பாட்டைக் கற்றுக்கொண்டு போய் அதில் இன்னும் ரெண்டு வரி சேர்த்துப் பாடிய கிராமத்து ஜனங்கள்தான் சக இறையியலாளர்கள்.

தோழர்களில் சிலர் உள்ளுக்குள்ளே முனகுவது கேட்கிறது. கடவுளே பொய், இதில் என்ன இயல், என்ன ஆளர்? அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தத்துக்குப் போனார். அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் போனார். இறையே இல்லாத இடத்துக்குப் போன பிறகு இறையியலாளர் எதுக்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் கன்னியம்மாவிடம் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது.

ஆனா ஒரு வழக்கைச் சொல்கிறேன். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒருத்தர், பேர் சூசை. செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பட்டியல் சாதி இந்துக்களுக்குக் கிடைத்தது, இவர் கிறித்தவர் என்பதால் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் மனு தள்ளுபடியானது. 1950 ஜனாதிபதி ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்து என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. இதைப் பார்க்க 2022இல் மறுபடி ஒரு ஆணையம். கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது யார் எழுதிய வாக்கியம்? ஒரு இறையியலாளர் எழுதிய வாக்கியம். படிக்க ரொம்ப அழகான வாக்கியம். அந்த வாக்கியம் நடந்து வந்து வெயிலில் உட்கார்ந்திருந்த ஒருத்தரின் நிழலைப் பிடுங்கிக்கொண்டது. அதனால்தான் நாத்திகத் தோழரும் இதைக் கவனிக்கணும் என்கிறேன்.

1994 அக்டோபர் 10. காரணை பஞ்சமி நிலப் போராட்டம். செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் ரெண்டு பேர். ஜான் தாமஸ், ஏழுமலை. பேரைக் கேட்டால் ரெண்டு மதம். கேட்டது ஒரே நிலம். அந்த ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே மூச்சில் பேசத் தெரியாத இறையியல் நமக்கு எதுக்கு?

கடைசியாக ஒரு பழைய சொல். இறையியலாளர் என்ற சொல் வருவதற்கு முன் தமிழில் இவர்களுக்கு என்ன பேர்? மணிமேகலையில் ‘சமயக்கணக்கர்’ என்று வருகிறது. சமயங்களின் கணக்கர்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் கணக்கன்தானே!

மணிமேகலை நாட்டியக்காரி மாதவியின் மகள். வஞ்சி நகரத்தில் பத்து வகைச் சமயவாதிகளைப் போய்க் கேட்கிறாள். எப்படிப் போகிறாள்? தன் உருவில் இல்லை, ஆண் துறவி வேஷத்தில். கணிகையர் குலத்துப் பெண்ணாகப் போய்க் கேட்டால் கணக்கர்கள் கணக்கைத் திறந்து காட்டுவார்களா? அப்புறம் காஞ்சிக்கு வருகிறாள். இந்த நம்ம காஞ்சிக்கு. அப்போது இங்கே பஞ்சம். முதல் வேலையாக அமுதசுரபியை வைத்துப் பசித்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறாள். அடுத்த காதையில்தான் அறவண அடிகளிடம் தத்துவம் கேட்கிறாள். அங்கேயும் அவர் என்ன சொல்கிறார்? கண்ணால் கண்டது ஒரு அளவை, அதிலிருந்து கருதி அறிவது இன்னொரு அளவை. இந்த ரெண்டுக்குள் எல்லாம் அடங்கும். வேதம் சொல்லிவிட்டது, ஆகவே உண்மை என்பதற்குத் தனி இடமே இல்லை. காஞ்சியோடு சேர்த்துப் பேசப்படும் திக்நாகரின் வழி அது.

முதலில் சோறு, பிறகு தத்துவம். குத்தியரஸ் சொன்னதும் இதுதான், களத்தில் நிற்பது முதல் வேலை, இறையியல் ரெண்டாவது வேலை. பறட்டையின் ஒரே உலையும் இதுதான். நமக்கு இறையியலாளர் வேணுமா என்றால் நான் சொல்வேன், பட்டம் வேண்டாம், கணக்குப் பார்க்கிறவர் வேணும். சாமி பேரில் எழுதியிருக்கிற பழைய பேரேடுகளை எடுத்து, யார் பற்றில் எழுதினான், யார் வரவில் எழுதினான் என்று வரி வரியாகச் சரிபார்க்கிறவர் வேணும்.

என் கவுண்டருக்குப் பென்ஷன் வாங்க வயசான அம்மாக்கள் வருவார்கள். கையெழுத்துத் தெரியாது. பெருவிரலில் மை தடவி வைப்பார்கள். அதுக்குப் பக்கத்தில் கையெழுத்துத் தெரிந்த ஒருத்தர் சாட்சி போடணும், அது விதி. ஒரு நாள் ஒரு அம்மா கேட்டாங்க: “ஏம்பா, ஏ ரேக ஏங்கிட்டதான் கீது. வேற எவங்கிட்டயும் கெடையாது. அவங்கையெழுத்த எவன் வேண்ணா போடலாம். எனக்கு அவன் சாட்சியா?” நான் தலையைக் குனிந்துகொண்டு சீல் வைத்தேன். அந்தக் கருத்தரங்கத்தில் தேரைப் பற்றிக் கேட்ட அக்காவும் பெருவிரல் ரேகை வைத்தவங்கதான். அவங்க கேள்விக்குக் கையெழுத்துக்காரர் ஒருத்தர் உரை எழுதி, பட்டம் வாங்கி, புத்தகம் போட்ட பிறகுதான் அது இறையியல் ஆகணுமா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஆளுக்கு ஒரு நோட்டு வாங்குங்க. உங்க தெருவில் சாமியைப் பற்றிக் கேட்கப்படுகிற கேள்விகளை எழுதுங்க. தேர் ஏன் வரவில்லை, சுடுகாட்டுக்கு ஏன் தனி வழி, கல்லறைத் தோட்டத்தில் ஏன் சுவர் என்று. கேட்டவர் பேரை அவர் சம்மதத்தோடு எழுதுங்க, தேதியோடு எழுதுங்க. உங்க விளக்கத்தைச் சேர்க்காதீங்க. அப்புறம், அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது அக்கா பேருக்குக் கீழேயும் ‘இறையியலாளர்’ என்று போடுங்க. அச்சகத்தில் இடம் பற்றாதுன்னு சொன்னால், ரெண்டு பேர் பெயருக்குக் கீழேயும் அதை எடுத்துடுங்க.